நந்தியாறு மில் கொடுத்த ஜாமீன்

திருத்தணி,
2-5-1976

அன்புள்ள ரஞ்சிக்கு,

அம்சா எழுதுவது. நானும் அவரும் குழந்தை கௌரியும் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் மில் செக்ரட்டரி வேதாசலம் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் நந்தியாறு மில்ஸுக்கு இத்தனை வருஷம் ஆடிட்டராக இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருஷம் மதராஸிலிருந்து புது ஆடிட்டர்கள். நேற்று வேதாசலம் சார் என்னைக் கூப்பிட்டு, "அம்சா, வரப்போறது லேடி ஆடிட்டராம். பேரு ரஞ்சிதமாம். பொதட்டூர்பேட்டைக்காரங்கன்னு சொல்றாங்க, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணியவள் என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆங், கூடப் படிச்சவங்க சார்" என்றேன். 'ங்க' போட்டுத்தான் சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டுக்கு எழுதினேன். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அதற்கு நீ என்ன செய்வாய்? உனக்கு மதராஸில் சித்தப்பா இருந்தார், படிக்க வைத்தார். என் நைனாவுக்கு அம்மையார்குப்பத்தை விட்டால் ஆர்.கே.பேட்டைதான் தெரியும். அவரும் மில்லில் பங்கு வைத்திருக்கிறார், தெரியுமா? தறிக்கு நூல் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் என்று சொன்னார்கள். நெசவுக்காரர்கள் ஊர் ஊராகப் பங்கு வாங்கினார்கள்.

"அத்தை பொண்ணு நம்ம வீட்ல தங்காம வேற எங்க தங்குவா?" என்று உன் பாவா, அதுதான் என் வீட்டுக்காரர், பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளாக நான் கேட்டு நடக்காத காரியம்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

உன்,
அம்சா


மயிலாப்பூர்,
10-5-1976

என் அம்சாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்து, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கணக்கு நோட்டு விஷயம் நிஜம்தான். முன்கூட்டி எழுதாதது என் தப்பில்லை. எந்தக் கம்பெனிக்கு யார் போகிறோம் என்று நாங்கள் வெளியே சொல்லக் கூடாது.

உன் வீட்டில் தங்கவும் கூடாது. மில்லில் என் சிநேகிதி வேலை செய்கிறாள், என் மாமன் மகனைக் கட்டியவள் என்று எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "போய்ட்டு வா, ஆனா அவங்க வீட்ல சாப்பிடாதே" என்று சொல்லித்தான் அனுப்புகிறார். தேவஸ்தானம் விடுதியில் அறை கேட்டிருக்கிறேன். சுண்ணாம்பு அடித்த அறையில் கௌரி விளையாடட்டும் என்று பாவாவிடம் சொல்.

திருடனைப் பிடிக்க வருகிறேன் என்று மில்லில் யாராவது சொன்னால் நம்பாதே. கூட்டல் கழித்தல் சரி என்று கையெழுத்துப் போட்டால் இனிப் போதாது. சர்க்கார் புதிதாக ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. பஞ்சு வாங்குகிறவர் ஒருவர், அதை எடைபோட்டு எடுத்துவைக்கிறவர் வேறொருவர், பணம் கொடுக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கிறதா, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கிறாரா, மில்லின் ஏற்பாடுகள் போதுமா போதாதா என்று நாங்கள் எழுத வேண்டும். பங்குக்காரர்களுக்குத் தெரியவேண்டிய எதுவும் வழியில் தங்கிவிடாமல் ஆண்டறிக்கைக்கு வந்துசேருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உன் நைனா மில்லுக்குள் நுழைந்து பீரோவைத் திறந்து பார்க்க முடியாதே. அவருக்காக நான் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

இம்மாதக் கடைசியில் வருகிறேன்.

அன்புடன்,
ரஞ்சி


திருத்தணி,
20-6-1976

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததை உன் பாவாவுக்கு எழுதிய கார்டில் பார்த்தேன். என்னையும் விசாரித்திருந்தாய், கடைசி வரியில். சந்தோஷம்.

நீ இருந்த நாட்களில் உன்னோடு பேச எனக்கு வாய்க்கவில்லை. எம்.டி. நாகேந்திரன் சார் தன் கையால் உனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் வீட்டுக் காபி உனக்கு வெள்ளி டம்ளரில் வந்தது. நான் ஃபைலை நீட்டிக்கொண்டு எதிரே நின்றேன். "மிஸஸ் பரந்தாமன், போன வருஷ மினிட்ஸ் புத்தகத்தை எடுங்க" என்றாய். எந்த மிஸஸ் பரந்தாமன் என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. இப்போது எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். நீ மலைக்குப் போகவேண்டும் என்றாய் என்று அவர் மின்சார வாரிய ஆபீசில் லீவு போட்டார். கௌரிக்கு அம்மை போட்டிருந்தபோது கிடைக்காத லீவு. காலையில் எழுந்து முகச்சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, உனக்காக விடுதி வாசலில் காத்திருந்தார் என்று பூக்கார ஞானம்மாள் வந்து சொன்னாள். "உன் வூட்டுக்காரு ஒரு பொண்ணோட படியேறிப் போறாரே, யாரும்மா அது?" என்று கேட்டாள். அவருடைய அத்தை பெண் என்றேன். "ஓ, உரிமைக்காரியா?" என்றாள்.

ரஞ்சி, உங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் உன்னைத்தான் அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். நீ படிக்கப் போய்விட்டதால் என்னைக் கட்டினார் என்பதும் தெரியும். நான் தண்ணீர் எடுக்கப் போன வழியில் உங்கள் இருவரையும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தீர்கள். என்ன சிரிப்பு என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மெலிந்துவிட்டாய். அதுவும் உனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

அம்சா


மயிலாப்பூர்,
28-6-1976

அம்சா,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. 'மிஸஸ் பரந்தாமன்' என்றது குத்தலுக்கு அல்ல. அந்த அறையில் நான் ரஞ்சியும் நீ அம்சாவும் ஆகிவிட்டால், நாளைக்கு நான் என்ன எழுதினாலும் சிநேகிதத்தில் எழுதினாள் என்பார்கள். உன் மனம் நொந்தது, அதற்கு மன்னித்துவிடு. மலைக்கு உன்னையும் கூப்பிடச் சொன்னேன். உனக்கு அன்று லீவு கிடைக்காது என்று பாவா சொன்னார். நான் நேரில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது ஒரு வேலை விஷயம்.

மில் டைரக்டர்கள் கூட்டத்தில் பேசுவதெல்லாம் உன் டைப்ரைட்டர் வழியாகத்தான் வெளியே வருகிறது. மினிட்ஸ் புத்தகத்தில் இல்லாத தீர்மானம் ஏதாவது தனித்தாளில் அடித்திருக்கிறாயா? குறிப்பாக, வேறு யாராவது வாங்கிய கடனுக்கு மில் ஜாமீன் நிற்பதாக? அப்படி இருந்தால் அது மில்லின் தலையில் விழக்கூடிய பாரம். ஆண்டறிக்கையில் பங்குக்காரர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வேதாசலம் சார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் உன்னைக் கேட்கிறேன்.

உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ரஞ்சி


திருத்தணி,
4-7-1976

ரஞ்சிதத்துக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: அப்படி எதுவும் இல்லை. இருந்தால் உன் படிப்புக்கும் கண்ணுக்கும் தப்பியிருக்குமா? சாதாரண டைப்பிஸ்டைக் கேட்டுத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?

அவர் எனக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டிக்கொண்டு இருவரும் மலைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
மிஸஸ் பரந்தாமன்


திருத்தணி,
29-9-1976

ரஞ்சி,

வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். படித்ததும் பதில் போடு.

போன சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் மில்லின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. உங்கள் பெரியவர் வந்திருந்தார். நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் எழுந்து ஆடிட்டர் அறிக்கையைப் படித்தார். எம்.டி.யின் தம்பி காட்பாடியில் நடத்தும் தோல் கம்பெனி பேங்கில் வாங்கிய பெரிய கடனுக்கு நந்தியாறு மில்ஸ் ஜாமீன் கொடுத்திருக்கிறது, கணக்கில் அது காட்டப்படவில்லை, இப்படிப்பட்டவற்றைப் பதிவுசெய்து பங்குதாரர்களுக்குத் தெரிவிக்க மில்லில் போதுமான ஏற்பாடு இல்லை என்று இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னார்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து எழுந்தது யார் தெரியுமா? என் நைனா. கூட்டத்தில் வாய் திறக்காத கங்காதரன்.

"இன்னாங்க எம்.டி. சார், நூலு கெடைக்கும்னு பங்கு வாங்கினோம். உங்க தம்பி கடனுக்கு ஜாமீன் நிக்கவா வாங்கினோம்?"

"அது பேங்க்காரங்க கேக்கற ஒரு சம்பிரதாயம்பா" என்றார் எம்.டி.

"சம்பிரதாயம்னா எங்களாண்ட சொல்லிட்டுச் செய்யறதுக்கு இன்னா? வருஷா வருஷம் புஸ்தகம் அனுப்பிகினுதானே இருக்கீங்க? அதுல ஒரு வரி போட எடமில்லியா?"

அவ்வளவுதான். பொதட்டூர்பேட்டைக்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். ஜாமீனைத் திருப்பி வாங்காமல் கணக்கை ஏற்க முடியாது என்று கத்தினார்கள். தன் சொந்த நிலத்தைப் பேங்குக்கு எழுதிக்கொடுத்து மில்லை விடுவிப்பதாக எம்.டி. எல்லார் முன்னாலும் சொல்லும்படி ஆனது. வேதாசலம் சார் மேடையிலேயே தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தீர்மானம் மில்லுல மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. வேதாசலம் சொல்லல. அந்த ஆடிட்டர் உன் சிநேகிதி. இனிமே நீ வேலைக்கு வரவேணாம்" என்றார்.

ஆம் ரஞ்சி, அந்தத் தீர்மானத்தை நான்தான் தனித்தாளில் அடித்தேன். நீ கேட்டபோது இல்லை என்று எழுதியதும் நான்தான்.

இதையும் கேள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் நைனா இனிப்புப் பொட்டலத்தோடு நிற்கிறார். வேலை போனதைச் சொன்னால், "வேல போனா போவுது கண்ணு. எங்க எல்லாரையும் காப்பாத்திட்ட. நம்ம கங்காதரன் பொண்ணுதான் ஆடிட்டராண்ட சொல்லிச்சாம்னு ஊரே பேசிகினு இருக்குது" என்கிறார். அவரோ வருகிற போகிறவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டிக்கு அந்தத் தைரியம் உண்டு" என்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. சோறு போட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன்.

நான் சொல்லாமல் உனக்கு எப்படித் தெரிந்தது? அம்சா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று எம்.டி.க்கு உங்கள் ஆபீஸ் தாளில் ஒரு வரி எழுது. எனக்கு வேலை வேண்டும். ஆனால் நீ அப்படி எழுதியது இவருக்கும் நைனாவுக்கும் தெரியாமல் இருக்கவேண்டும்.

அம்சா


மயிலாப்பூர்,
3-10-1976

அம்சாவுக்கு,

நீ கேட்ட வரியை நான் எழுத முடியாது. யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று நாங்கள் வெளியே சொல்வதில்லை. இன்று நீ சொல்லவில்லை என்று எழுதினால், நாளைக்கு இன்னொரு கம்பெனியில் நான் எழுதாமல் விட்ட ஆளைச் சந்தேகப்படுவார்கள். எம்.டி.யிடம் சொல்ல வேண்டுமானால் நீயேதான் சொல்ல வேண்டும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். நாங்கள் மில்லிடம் மட்டும் கேட்பதில்லை, பேங்குக்கும் நேராக எழுதிக் கேட்போம். அங்கே மேனேஜர் புதியவர். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அந்தப் பதில் என் மேஜைக்கு ஜூன் இருபத்தைந்தாம் தேதி வந்தது.

தேதியைக் கவனித்தாயா? உனக்கு நான் அந்தக் கேள்வியை எழுதியது அதற்குப் பிறகு.

கேட்டுச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம் என்று இங்கே நிறுத்திவிடலாம். பெரியவரிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் வழக்கப்படி என்றால் அதை ஆபீஸ் தாளில் வேதாசலம் சாருக்கு எழுதியிருக்க வேண்டும். வீட்டு விலாசத்துக்கு, சிநேகிதிக்கு, ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருக்கக் கூடாது.

மலையிலிருந்து இறங்கும்போது எதற்குச் சிரித்தோம் என்று கேட்காமல் இருந்தாயே, சொல்கிறேன். கல்யாணமான புதிதில் பாவா ஆபீசிலிருந்து கொண்டுவந்த மின்சார பில் கட்டு ஒன்றில் நீ தப்புக் கண்டுபிடித்து, அவருடைய மேலதிகாரிக்கே திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னார். ஏறும்போதும் உன்னைப் பற்றித்தான். நீ வைக்கிற குழம்பு, உன் கையெழுத்து, நீ படித்திருந்தால் ரஞ்சியையே வேலைக்கு வைத்திருப்பாய் என்று. நான் சிரித்தேன். விடுதி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு நாற்காலி இழுத்துப் போட எத்தனையோ எம்.டி.க்கள் இருக்கிறார்கள், அம்சா. பேசி வைத்த மனிதர் என்னோடு நடந்துகொண்டு உன்னைப் பற்றிப் பேசினார்.

அதனால் கேட்டேன். பாவா சொல்கிற அந்த அம்சா நிஜமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். நீ இல்லை என்று எழுதிய கடிதம் வந்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. நீ முதல் மார்க் வாங்கிய நாளிலிருந்து காத்திருந்த சந்தோஷம்.

கூட்டத்துக்கு நான் வராததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் வரவில்லை.

ரஞ்சிதம்


திருத்தணி,
26-10-1976

ரஞ்சி,

உன் கடிதத்தை இரண்டு வாரம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அடுப்பில் போடத்தான் நினைத்தேன். போடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் எம்.டி.யைப் போய்ப் பார்த்தேன். "நான் சொல்லல சார். அவங்க எழுதிக் கேட்டாங்க. இல்லன்னு எழுதிட்டேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒக்காரும்மா, ஒக்காரு. உன்ன மாதிரி விசுவாசமா நாலு பேர் இருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?" என்றார். நைனா நான் செய்யாததற்கு மெச்சினார்; எம்.டி. நான் செய்ததற்கு மெச்சுகிறார். இரண்டில் இதுதான் அதிகமாகச் சுட்டது. நான் உட்காரவில்லை. "உங்க மேல விசுவாசத்துல எழுதல சார்" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. விவரம் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வேதாசலம் சார் விலகிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார், எனக்குக் கூசியது. புது செக்ரட்டரி வேலூரிலிருந்து வந்திருக்கிறார். உங்கள் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒழுங்கு செய்கிறார். தனித்தாள் தீர்மானமே இனிக் கூடாதாம். மில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாலும் அன்றே பதிய வேண்டுமாம். அதைப் பதிகிற வேலை எனக்கு. அவரும் ஒரு டைரக்டரும் மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நீ எழுதிய அறிக்கையால் எனக்கு உத்தியோகம். உனக்கு நன்றி சொல்ல வேண்டும். கை வரவில்லை.

வேலை கிடைத்தது எப்படி என்று வீட்டில் கேட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம், ஒருமுறை சொன்னவளுக்கு அது கஷ்டமில்லை. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, நைனாவும் அவரும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நைனா கையிலிருந்த அதிரசத்தைத் தட்டில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அம்மையார்குப்பத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே டீக்கடையில் எல்லார் முன்னாலும், "நான் சொன்னது பொய்யி. என் பொண்ணு சொல்லல. கேட்டதுக்கு இல்லன்னிட்டா" என்றாராம். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னாராம். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இவர் அன்று ராத்திரி கேட்டார்.

"ஏன் அப்டி எழுதின? எம்.டி.க்குப் பயந்தா?"

"இல்ல."

"பின்ன?"

"நீங்க அவளோட மலைக்குப் போனீங்களே, அதுக்கு."

"அதுக்கா?" என்றார். விளையாடுகிறேனா என்று முகத்தைப் பார்த்தார். "அம்சா, அதுல உங்க நைனா பங்கும் இருக்குது. தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். பிறகு, "ரஞ்சி என் அத்தை பொண்ணு. நீ என் பொண்டாட்டி. ரெண்டும் ஒண்ணு இல்லியே" என்றார். இதைக் கேட்க ஆறு வருஷம் ஆசைப்பட்டேன் ரஞ்சி. சொன்னபோது அவர் குரலில் அன்பு இல்லை, களைப்பு இருந்தது. ஊர் பார்க்க என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை போய்விட்டது. திரும்ப வருமா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ எழுதிய கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே. வழியெல்லாம் அவர் என்னைப் பற்றியே பேசினார் என்று நீ எழுதியிருந்தாயே, அதை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தோன்றியது. நீ சந்தோஷப்பட்டேன் என்று எழுதியதைப் படித்து முதலில் உன்னைச் சபித்தேன். அப்புறம், உன் மதராஸ் நாட்கள் எல்லாம் கழன்று, பக்கத்து பெஞ்சில் என் மார்க்கை எட்டிப் பார்க்கிற ரஞ்சி திரும்பி வந்த மாதிரி இருந்தது. நீ மட்டும் உயரத்தில் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நாம் இருவரும் ஒரே படியில்தான் நின்றிருக்கிறோம்.

ஆனால் எனக்கு இது போய்விடவில்லை. நேற்றுகூட, உன் கடிதம் ஏதாவது வந்ததா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் உன் பெரியவரிடம் சொல்லி, அடுத்த வருஷம் மில்லுக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல். காரணம் கேட்டால் உறவு என்று சொல், அது பொய்யில்லை. யார் வந்து கேட்டாலும் இருப்பதை இருக்கிறது என்று சொல்வேன். நீ வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்சா